நீங்கள் தூங்கிய பகல்கள்

இன்று காலை டவுன் பஸ்ஸில் உங்கள் சட்டையின் வாசம் வந்தது.

கண் ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக ஏறியிருந்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கொஞ்ச தூரம் போனதும் ஓர் ஆள் ஏறி என் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வடக்கேயிருந்து வேலைக்கு வந்தவர், முப்பது வயது இருக்கும். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசி. ஊசிக்கு விடும் எண்ணெயும் நூலும் ஒரு ராத்திரி முழுக்க நின்ற வேர்வையும் கலந்த அந்த வாசம். நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார். பஸ் குலுங்கும்போதெல்லாம் முழங்கால் மடங்கி நிமிர்ந்தது.

எழுந்து இடம் கொடுத்தேன். வேண்டாம் என்று தலையாட்டினார். நான் நகர்ந்துகொண்டதும் உட்கார்ந்தார். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் தலை ஜன்னலில் சாய்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஏனுங்க, உங்களுக்குத் தெரிஞ்ச பையனுங்களா?"

"இல்லீங்க. நைட் ஷிப்ட் முடிச்சுட்டுப் போறாருங்க."

அதற்கு மேல் அவருக்கு என்ன சொல்ல? வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்ததுதான். சோறாக்கவில்லை. உங்களுக்கு எழுத வேண்டும் போலிருந்தது. நாம் ஒருநாளும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டதில்லை. பிரிந்திருந்தால்தானே எழுதுவதற்கு. உங்கள் பெயரை வாயால் சொல்லிப் பழக்கமில்லாததால் இப்போதும் மேலே பெயர் போடாமலேயே ஆரம்பித்துவிட்டேன்.

இந்த அறைக்கு நாம் வந்தபோது மகள் இன்னும் நடை பழகவில்லை. ஒரே அறை, மூலையில் அடுப்பு. எதிரும் புதிருமாக வரிசையாக வீடுகள், நடுவில் ஒரு குழாய். கொமரலிங்கத்தில் ஆற்றுப் பாசன வயலில் வேலை செய்துகொண்டிருந்த நீங்கள் திருப்பூருக்கு வந்து நிட்டிங் கம்பெனியில் நின்றீர்கள். நூலைத் துணியாகப் பின்னித் தள்ளும் அந்த வட்ட மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ராத்திரி ஷிப்டுக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று முதலாளி கேட்டார். கொஞ்ச நாளைக்குத்தான் என்று ஒத்துக்கொண்டீர்கள். அந்தக் கொஞ்ச நாள் நம் ஆயுசாகிவிட்டது.

சாயங்காலம் ஏழு மணிக்குக் கிளம்புவீர்கள். காலை எட்டரைக்கு வருவீர்கள். பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும் நேரம். இரண்டு பேர் தலையிலும் கை வைத்துவிட்டுக் குளிக்கப் போவீர்கள். சாப்பிட்டுவிட்டு, ஈரத்துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டு சுவரோரம் படுத்தால் அஞ்சு மணிக்குத்தான் எழுந்திருக்க வேண்டும்.

அந்த எட்டு மணி நேரத்துக்காகத்தான் நம் வீட்டில் டிவி இல்லை. பலர் பல மாதிரி நினைத்தார்கள். படிப்புக் கெடும் என்று வாங்கவில்லை என்றார்கள். கஞ்சத்தனம் என்றார்கள். நீங்கள் ஷிப்டுக்குப் போன பிறகு பார்க்கலாமே என்று பக்கத்து வீட்டுத் தேனிக்கார அக்கா கேட்டார். எனக்குப் பயம். வீட்டுக்குள் வந்துவிட்டால் பகலில் அதைச் சும்மா வைத்திருக்கப் பிள்ளைகளால் முடியாது என்று தெரியும்.

நான் குக்கர் வைக்கவில்லை; விசில் வரும். மிக்ஸியில் அரைக்க வேண்டியதை நீங்கள் வருவதற்கு முன்பே அரைத்துவிடுவேன். கம்பெனியிலிருந்து பனியன் பீஸ் வாங்கிவந்து வீட்டிலேயே பிசிறு நூல் கத்தரிக்கும் வேலை செய்தேன். அதில் சத்தமில்லை என்பதுதான் காரணம். லீவு நாட்களில் பிள்ளைகள் வாய் திறந்தால் போதும், "கம்முனு இரு கண்ணு, அப்பா தூங்குறாரு" என்பேன். ஒரு நாளில் அதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சொல்லிச் சொல்லி வாய் வலித்திருக்கிறது.

சுற்றியிருந்த எல்லா வீட்டிலும் டிவி ஓடும். சுவரைத் தாண்டிப் பாட்டும் அழுகையும் வரும். அதற்கெல்லாம் நீங்கள் புரண்டுகூடப் படுத்ததில்லை. கேட்டபோது சொன்னீர்கள்: "அடுத்த ஊட்டுச் சத்தம் மழை மாதிரி, அது பாட்டுக்குப் பெய்யும். நம்ம ஊட்டுச் சத்தம் பேரச் சொல்லிக் கூப்பிடறாப்பல இருக்குது அம்மிணி."

மகள் ஆறாவது படிக்கும்போது ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு இரண்டு பேரும் வரவில்லை. நீங்கள் எழுந்து முகம் கழுவிவிட்டு, "புள்ளைங்க எங்க?" என்றீர்கள். நீங்கள் மெயின் ரோட்டுப் பக்கம் போனீர்கள். நான் பள்ளிக்கூடத்துப் பக்கம். அங்கே காவலாளியைத் தவிர யாரும் இல்லை. அழுதுகொண்டே திரும்பி மெயின் ரோட்டுக்கு ஓடி வந்தால், டிவி விற்கும் கடை வாசலில் நம் பிள்ளைகள் கண்ணாடியை ஒட்டி நிற்கிறார்கள். உள்ளே பெட்டி பெட்டியாக ஒரே படம் ஓடுகிறது. அவர்களுக்குப் பின்னால், லுங்கியும் தோளில் துண்டுமாக நீங்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு மகளை அடித்திருப்பேன். நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். வெளியே சத்தம் எதுவும் கேட்கவில்லை. உள்ளே யாரோ ஒருத்தி அழுகிறாள். அவள் என்ன சொல்லி அழுகிறாள் என்று மகள் தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இவ நகைய அவ எடுத்துட்டா. அதான், தாயி, நீ நல்லா இருப்பியான்னு கேக்கறா." தம்பி வாயைப் பிளந்துகொண்டு கேட்டான்.

"வந்து ரொம்ப நேரமாச்சுங்களா?" என்றேன்.

"அப்பப் புடிச்சு நிக்கறேன். கூப்பிடத் தோணல. இவ சொல்றது நல்லாருந்துச்சு."

திரும்பி வரும்போது மகள் உங்கள் விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அப்பா, சத்தம் கேக்காமயே எல்லாம் புரியுதுங்கப்பா. நம்ம ஊட்டுல ஒண்ணு இருந்தா சத்தமே வெக்க மாட்டோம்."

அந்தத் தீபாவளிக்கு டிவி வந்தது. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. அரிசி டிரம்மின் மேல் பலகை போட்டு வைத்தோம். நீங்கள் போன பிறகு கொஞ்ச நேரம் சத்தத்தோடு, பகலில் என்றால் சத்தமில்லாமல் என்று பேச்சு. பள்ளிக்கூடம் இருந்தவரை சரியாகத்தான் இருந்தது. அரையாண்டு லீவு விட்டதும் காலையிலிருந்தே ஓட ஆரம்பித்தது.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. பிள்ளைகள் டிவிக்கு மிக நெருக்கமாக உட்கார்ந்து, திரையில் வாய் அசைவதற்கெல்லாம் குசுகுசுவென்று பேச்சுக் கொடுப்பார்கள். மகளுக்குப் பொம்பளைக் குரல் எல்லாம். மகனுக்கு ஆண் குரல், நாய், மாடு, மோட்டார் வண்டி. ஒரு பெரிய மனுஷர் மீசையை முறுக்கி என்னவோ மிரட்டுவார், மகன், "ஏனுங்க, ஊத்துக்குளி வெண்ணெய் வந்துருச்சுங்களா?" என்பான். சிரிப்பு வந்தால் தலையணையில் முகத்தை அமுக்கிக்கொள்வார்கள். பீஸ் கத்தரித்துக்கொண்டிருந்த நானும் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொள்வேன். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பி அசையாமல் படுத்திருப்பீர்கள். நல்ல தூக்கம் என்று நினைத்தேன்.

சாயங்காலம் எழுந்திருக்கும்போது கண் சிவந்திருக்கும். கேட்டால், "ரொம்ப எச்சாத் தூங்கிட்டேனாட்ட இருக்குது" என்பீர்கள்.

லீவு முடிவதற்குள் ஒரு நாள், ஷிப்டுக்குக் கிளம்பவில்லை. நூல் வரவில்லை, ஒரு வாரம் வேலை இல்லை என்றீர்கள். மூன்றாம் நாள் உங்களோடு வேலை செய்யும் ஒருவர் பார்க்க வந்தார். நீங்கள் கடைக்குப் போயிருந்தீர்கள். அவர்தான் என்னிடம் சொன்னார். மெஷினுக்குப் பக்கத்தில் நின்றபடியே தூங்கிவிட்டீர்களாம். ஓர் ஊசி உடைந்திருக்கிறது. உடைந்த ஊசி போகிற வழியெல்லாம் துணியில் கோடு விழுந்துகொண்டே வரும். ரோல் ரோலாகக் கோடு. ஏற்றுமதிக்குப் போக வேண்டிய துணி. முதலாளி திட்டவில்லையாம். கூப்பிட்டு உட்கார வைத்து, "இத்தன வருசத்துல உங்க மேல ஒரு பேச்சு வந்ததில்லீங்க. ஊட்ல ஏதாச்சும் கஷ்டமுங்களா?" என்று கேட்டிருக்கிறார். ஒரு வாரம் வீட்டில் இருந்துவிட்டு வரச்சொன்னதும் நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டீர்களாம்.

பிள்ளைகள் வெளியே விளையாடிய நேரத்தில் உங்களைக் கேட்டேன்.

"சத்தந்தான் இல்லீங்களே. அப்புறம் ஏனுங்க தூக்கம் வல்லை?"

"வெளிச்சம் அம்மிணி. துண்டைப் போட்டாலும் சுவத்துல ஆடுறது தெரியுது."

"அப்பப் பகல்ல போட வேண்டாம்னு சொல்லிர்றேன்."

"வேண்டாம். பாக்கட்டும். நான் பழகிக்குவேன்."

நான் சொல்லத்தான் செய்தேன். பகலில் தொடக் கூடாது என்றேன். அடுத்த நாள் காலை நீங்களே பிள்ளைகளிடம், "போடுங்க கண்ணு, எனக்குத் தூக்கம் வந்துரும்" என்கிறீர்கள். எனக்குப் புரியவில்லை. இந்த மனுஷனுக்கு என்ன பிடிவாதம் என்று எரிச்சலாக வந்தது. மறுபடியும் வேலைக்குப் போய், மறுபடியும் நின்றபடி தூங்கினால் இந்தத் தடவை துணி மட்டும்தான் போகும் என்று என்ன நிச்சயம்? ஓடுகிற மெஷினுக்குள் கை போனவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஊத்துக்குளியிலிருந்து என் தம்பியை வரச்சொல்லி டிவியைத் தூக்கிக் கொடுத்தேன்.

வண்டி போன பிறகு மகள் வாசலிலேயே நின்றாள். அப்புறம் உள்ளே வந்து, நீங்கள் படுத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே, குரலைத் தணிக்காமல் கேட்டாள்: "அப்பா தூங்கறதுக்கு மட்டும்தான் இந்த ஊடு இருக்குதா?"

நீங்கள் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தீர்கள். உங்கள் கால் விரல்கள் ஒரு தடவை மடங்கி விரிந்ததைப் பார்த்தேன்.

அதன் பிறகு அவள் உங்களிடம் சரியாகப் பேசவில்லை. காலையில் தலையில் கை வைக்க வந்தால் பையை எடுப்பது போலக் குனிந்துகொள்வாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தூங்காமல் விழித்திருக்க ஆரம்பித்தீர்கள். "இன்னைக்கு ஊட்டுல சத்தம் இருக்கோணும்" என்று சொல்லிவிட்டு, மகனிடம் சாப்பாட்டுத் தட்டைக் கொடுத்துத் தட்டச் சொல்வீர்கள். அவன் தட்டுவான், பாடுவான், கத்துவான். மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை. அவளால் வெளியே போக முடியவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்தாள். நீங்கள் மகனோடு என்னவோ பேசிக்கொண்டிருந்தவர், திடீரென்று ஒரு பொம்பளைக் குரலை வரவழைத்து, "தாயி, என்ற வளையலுக்கு வழி சொல்லாம நீ இந்தப் படிய எறங்கக் கூடாது" என்றீர்கள். அப்புறம் மீசையை முறுக்கிக்கொண்டு, "ஏனுங்க, ஊத்துக்குளி வெண்ணெய் வந்துருச்சுங்களா?" என்றீர்கள். அப்புறம் நாய். அப்புறம் மகளின் இன்னொரு குரல், அவள் ஒரு மருமகளுக்காகக் குசுகுசுத்தது, ஒரு வார்த்தை மாறாமல்.

மகள் புத்தகத்தை மூடினாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவள் முகம் மாறியது.

"அப்ப நீங்க தூங்கவே இல்லீங்களாப்பா?"

"அப்பப்பத் தூங்குவேன் கண்ணு. நீங்க பேசறது நல்லா இருந்துச்சு. உட்டுட்டுத் தூங்க மனசு வல்ல."

அவள் எழுந்து வந்து உங்கள் மடியில் தலையை வைத்து அழுதாள். மகன் தட்டைக் கீழே வைத்துவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தான். எனக்கு அப்போதுதான் புரிந்தது. காலையில் கால் மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் தவிர உங்களுக்குப் பிள்ளைகள் ஏது? அந்த லீவில்தான், கண்ணை மூடிக்கொண்டு, முதல் தடவையாக அவர்களோடு ஒரு பகல் முழுக்க இருந்திருக்கிறீர்கள்.

அதற்குப் பிறகு நம் வீட்டில் டிவி வரவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. அரசாங்கம் எல்லோருக்கும் டிவி கொடுத்தபோது நமக்கு வந்ததைத் தேனிக்கார அக்காவின் மகளுக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்துவிட்டோம். பிள்ளைகள் படித்தார்கள். மகளைக் காங்கேயத்தில் கட்டிக்கொடுத்தோம். மகன் ஓர் ஏற்றுமதிக் கம்பெனி ஆபீசில் சேர்ந்து, கல்யாணமாகித் தனியாகப் போனான். பிள்ளைகள் போன பிறகும் நீங்கள் ராத்திரியில் நின்றுகொண்டுதான் இருந்தீர்கள். பகலில் நானும் நீங்களும் மட்டும். நீங்கள் தூங்குவீர்கள். நான் நூல் கத்தரிப்பேன்.

முழங்கால் வீங்கி நிற்க முடியாமல் போனபோதுதான் வேலையை விட்டீர்கள். இனியாவது எல்லோரையும் போல ராத்திரி தூங்கிப் பகலில் விழித்திருக்கலாம் என்று நினைத்தோம். உடம்பு கேட்கவில்லை. காலை ஒன்பது மணி ஆனால் உங்களுக்குக் கண் சொருகியது. மகன் பெரிய டிவி வாங்கித் தருகிறேன் என்றான். நீங்கள் என்னைப் பார்த்து, "உனக்கு வேணுமா அம்மிணி?" என்றீர்கள். "வேண்டாமுங்க" என்றேன். உண்மையிலேயே வேண்டாம் என்றுதான் இருந்தது. புதிதாக ஒன்றைப் பழகத் தெம்பில்லை.

போன பங்குனியில் அந்த நாளும் மற்ற நாளைப் போலத்தான் இருந்தது. இரண்டு இட்லி தின்றீர்கள். மாத்திரை போட்டீர்கள். துண்டை நனைத்துக் கொடுத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். நான் புளியில் கொட்டை நீக்கினேன். மத்தியானம் தனியாகச் சாப்பிட்டேன். பக்கத்து வீடுகளில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக் குழந்தை வாசலில் கத்தியபோது எட்டிப் பார்த்து, வாயில் விரல் வைத்துக் காட்டினேன்.

அஞ்சு மணிக்கு டீ கொண்டுவந்தேன். உங்களை நான் கூப்பிட்டு எழுப்பியதே கிடையாது. டம்ளரைத் தலைமாட்டில் வைத்தால் அந்தச் சத்தத்துக்கு எழுந்துவிடுவீர்கள். வைத்தேன். எழுந்திருக்கவில்லை. டம்ளரை எடுத்து, மறுபடியும் கொஞ்சம் அழுத்தி வைத்தேன். டீ தளும்பித் தரையில் சிந்தியது. அப்புறம்தான் காலைத் தொட்டேன்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, எத்தனை மணிக்கு இருக்கும் என்று கேட்டார். நாள் முழுக்க நான் அந்த அறைக்குள்ளேதான் இருந்தேன். கை நீட்டினால் தொடுகிற தூரம். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "தூக்கத்துலயே போயிருக்கார், கஷ்டப்படல" என்றார். அதை நான் நம்புகிறேன். நம்பாமல் என்ன செய்வது.

வரிசை வீட்டுப் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். என்னைக் கட்டிக்கொண்டு, "வாய் விட்டு அழுதுரு சாமி, உள்ள வெச்சுக்காத" என்றார்கள். நீங்கள் எதிரே படுத்திருக்கிறீர்கள். வெளியே இன்னும் வெயில் இருக்கிறது. நீங்கள் படுத்திருக்கும்போது அந்த வீட்டுக்குள் குரலை உயர்த்த எனக்குத் தெரியவில்லை. கண்ணீர் மட்டும் வந்தது. கல்நெஞ்சுக்காரி என்று யாராவது நினைத்திருக்கலாம். நினைத்தால் நினைக்கட்டும்.

காங்கேயத்திலிருந்து மகள் வந்தாள். சந்து முனையிலிருந்தே அவள் கதறுவது கேட்டது. குழாயடியைத் தாண்டும்போதும் கதறினாள். நிலைப்படியில் கால் வைத்ததும் சத்தம் நின்றுவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, விரல் நுனியில் நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கூடியிருந்தவர்களுக்கு அது விளங்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லோரும் டிவி வாங்கச் சொல்கிறார்கள். எப்படித்தான் பொழுது போகிறது என்கிறார்கள். மகன் வரும்போதெல்லாம் எந்தச் சுவரில் மாட்டலாம் என்று பார்க்கிறான். அவனிடம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. எனக்கு டிவி மேல் கோபம் ஒன்றும் இல்லை. பொழுது போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, அவ்வளவுதான். அதுபாட்டுக்குப் போகிறது. மத்தியானத்தில் கொஞ்ச நேரம் படுக்கிறேன். உடம்பு அடித்துப் போட்டது போல இருக்கிறது, ஆனால் தூக்கம் பிடிப்பதில்லை. நீங்கள் எப்படித்தான் தூங்கினீர்கள் இந்த வெயிலில், இந்த வெளிச்சத்தில் என்று நினைத்துக்கொண்டே கிடப்பேன்.

மகள் தினமும் சாயங்காலம் போன் செய்கிறாள். அவள் வீட்டில் எப்போதும் ஆட்கள். அவர்களுடைய அரிசி மில்லுக்கு நெல் வண்டி வரும், மாமியார் யாரையாவது கூப்பிடுவார், டிவி ஓடும். சாப்பிட்டேனா, மாத்திரை போட்டேனா என்று கேட்பாள். நான் சொல்வது அவளுக்குக் கேட்காது.

"சத்தமாப் பேசும்மா. ஒண்ணுமே கேக்கல."

இன்றைக்கும், இதைப் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டு, அப்படித்தான் சொன்னாள். பஸ்ஸில் பார்த்த ஆளைப் பற்றி அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். குரலை உயர்த்திப் பார்த்தேன். இருமல்தான் வந்தது.

"இதுக்கு மேல வராது கண்ணு" என்றேன்.

அந்தப் பக்கம் அவள் எழுந்து நடப்பது கேட்டது. ஒரு கதவு சாத்தப்பட்டது. எல்லாச் சத்தமும் அடங்கிய பிறகு, அவளும் குரலை என் அளவுக்குத் தணித்துக்கொண்டு, "சரிம்மா, சொல்லு" என்றாள். வெளிச்சம் போகும் வரை நாங்கள் இரண்டு பேரும் அப்படியே பேசிக்கொண்டிருந்தோம்.